பேராசிரியரின் தகர ஆமை

"நடக்குமா, நடக்காதா? ஒரே வார்த்தையில சொல்லு."

இயக்குநர் இப்படிக் கேட்டபோது மெக்கானிக் மேஜைக்கு அடியில் இருந்தார். உருண்டோடிய திருகு ஒன்றைத் தேடுவதாகப் பெயர். உண்மையில் இயக்குநரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் அங்கே போயிருந்தார்.

"நடக்க வாய்ப்பிருக்கு சார்."

"அது மூணு வார்த்தை."

மேஜை மேல் ஆமை உட்கார்ந்திருந்தது. தகர ஓடு, மூன்று சக்கரம், நெற்றியில் ஒரே ஒரு கண்ணாடிக் கண். எழுபது வருடங்களுக்கு முன் ஒரு பேராசிரியர் செய்தது. விளக்கைக் காட்டினால் விளக்கை நோக்கி வரும், ஏதாவது இடித்தால் விலகிப் போகும், களைத்தால் தன் பெட்டிக்குத் தானே திரும்பிவிடும் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் வாயைப் பிளந்திருந்தன. கம்ப்யூட்டர் ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டிருந்த நாளில், தாம்பாளம் அளவுத் தகரத்துக்கு இத்தனை புத்தி!

அந்த விஞ்ஞான அருங்காட்சியகத்தின் ஆதிகால ரோபோக் கூடத்தில் சாவி கொடுத்தால் இறக்கையடிக்கும் வாத்து இருந்தது. வழி தேடும் எலி இருந்தது. வெளிச்சத்தின் பின்னால் ஓடும், மரத்தால் செய்த நாய் இருந்தது. எல்லாவற்றுக்கும் ராஜா இந்த ஆமைதான். ராஜா வந்து மூன்று மாதம் ஆகிறது, ஓர் அங்குலம் அசையவில்லை.

"சார், உள்ளே மோட்டார் இருக்கு, பேட்டரி இருக்கு. ஆனா மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்ல. நடுவுல பெரிய காலி இடம். முக்கியமான பாகத்தை யாரோ கழட்டிட்டாங்க."

"பேராசிரியர் குறிப்பு எழுதி வெச்சிருப்பாரே?"

"காலை வெயிலில் சுறுசுறுப்பு, குளிர்காலத்தில் மந்தம்னு ஒரு வரி கிடைச்சுது. கிரீஸ் இறுகியிருக்கும்னு நினைக்கிறேன்."

"கிரீஸோ என்னமோ, நாளைக்குப் பதினோரு மணிக்கு அவரோட மகள் கூடத்தைத் திறந்து வைக்க வர்றாங்க. அவங்க முன்னாடி இது நடந்தா உன் வேலை நிரந்தரம். நடக்கலன்னா நீ நடையைக் கட்டு."

மெக்கானிக் பதினோரு வருடமாகத் தற்காலிகம். ஒப்பந்தம் முடியும் மாதம் வந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்தத் தடவை நிரந்தரம் நிச்சயம் என்று மனைவி தன் அக்காவிடம் வேறு சொல்லிவிட்டாள். அக்காவிடம் சொல்வதும் ஊருக்கே சொல்வதும் ஒன்றுதான்.

மறுநாள் காலை மனைவி குளிக்கப் போன நேரத்தில் மெக்கானிக்கின் கண் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த வஸ்துவின் மேல் விழுந்தது. வீடு பெருக்கும் ரோபோ. வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. வட்டமாக, தட்டையாக, வாய் பேசாமல் வேலை செய்கிற சமர்த்து. அவசரத்துக்குப் பாவம் இல்லை என்று சொல்லிக்கொண்டு அதைப் பைக்குள் போட்டார்.

தகர ஓடு அதன் மேல் அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது. அருங்காட்சியகத்து வைஃபையில் அதை இணைத்து, தன் போனிலிருந்தே ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கம், வலப்பக்கம், நேரே. சொன்னபடி கேட்டது. வீட்டில் அவர் சொல்லி எதுவும் இப்படிக் கேட்டதில்லை.

பதினோரு மணிக்குப் பேராசிரியரின் மகள் வந்தார். எண்பதை நெருங்கும் வயது, கையில் தடி, கண்ணில் குறும்பு. ரிப்பனை வெட்டியதும் முதல் கேள்வி ஆமையைப் பற்றித்தான்.

"நிஜமாவே நடக்குதா?"

"ஓடவே செய்யும் அம்மா," என்றார் இயக்குநர்.

"என்ன சாப்பிடுது?"

"ஹாஹா! மின்சாரம்தான் அம்மா!"

இயக்குநர் கை விளக்கைக் காட்டினார். தூணுக்குப் பின்னால் நின்ற மெக்கானிக் போனைத் தடவினார். ஆமை நகர்ந்தது. கூட்டம் கைதட்டியது. பேராசிரியரின் மகள் மட்டும் கைதட்டவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "நடக்குதே!" என்றார்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, பெருக்குற மிஷின் எங்கே? அக்கா வர்றாங்க, காட்டணும்."

"கட்டிலுக்கு அடியில பாரு," என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தார். அந்தப் பொய்க்குப் பதில் மெய்யைச் சொல்லியிருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும்.

கட்டிலுக்கு அடியில் இருட்டு. ஆனால் அவள் போனிலும் அதே செயலி உண்டு. காணாமல் போன மிஷினைக் கண்டுபிடிக்க அதில் ஒரு பொத்தானும் உண்டு.

இங்கே இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரையைத் தொடங்கியிருந்தார். "அந்த மாமேதை இன்று நம்மிடையே இல்லை..."

"நான் இங்கே இருக்கிறேன்!" என்றது ஆமை.

முன்வரிசை நிருபர் எழுந்தார். "சார், ஆமை பேசுமா?"

தெரியாது என்ற சொல் இயக்குநரின் வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை. "பேசும். ரகசியமா வெச்சிருந்தோம்."

"பெண் குரலா இருக்கே?"

"பெண் ஆமை."

நிருபர் குறித்துக்கொண்டார். மெக்கானிக் தூணோடு ஒட்டிக்கொண்டார். மிஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறது, எதையும் தொடாதே என்று மனைவிக்கு அவசரமாகச் செய்தி அனுப்பினார். அடுத்த நொடி போன் வந்தது.

"வாங்கி ஒரு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள சர்வீஸா? எந்தக் கடைக்காரன் உங்களை ஏமாத்துறான்? இருங்க, நான் அதை வீட்டுக்கு வரச் சொல்றேன்."

"அய்யோ, வேண்டாம்மா!"

"வீட்டுக்குத் திரும்புகிறேன்," என்று அறிவித்தது ஆமை.

"பாத்தீங்களா! களைச்சுப் போச்சு. தானாவே பெட்டிக்குப் போகுது!" இயக்குநர் பூரித்தார்.

ஆமை பெட்டியைத் தாண்டிப் போனது. வாத்தை இடித்தது, அது இறக்கையடித்தது. வெட்டிப் போட்ட ரிப்பனை வாயில் கவ்வி உள்ளே இழுத்தது, அதன் மறுமுனை நிருபரின் காலைச் சுற்றிக்கொண்டது. கடைசியில் இயக்குநரின் முன்னால் வந்து நின்று, அவரை அண்ணாந்து பார்த்தபடி சொன்னது: "குப்பை நிறைந்துவிட்டது. தயவுசெய்து காலி செய்யவும்."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவுக்கு மனைவி என்ன பதில் சொல்வாள் என்ற நினைப்புதான் முதலில் வந்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கண் திறந்தார். பேராசிரியரின் மகள் நாற்காலியில் உட்கார்ந்து, தடியைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா பாத்திருந்தா உச்சி குளிர்ந்திருப்பார். யார் இதை நடக்க வெச்சது?"

இயக்குநர் தூணுக்குப் பின்னாலிருந்து மெக்கானிக்கை இழுத்து வந்து நிறுத்தினார்.

"இவரை விட்டுடாதீங்க," என்றார் பேராசிரியரின் மகள்.

"விடுவேனா அம்மா! இன்னிக்கே நிரந்தரம்!"

கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. மெக்கானிக் மட்டும் தேநீர்ப் பக்கம் போகவில்லை. பதினோரு வருடம் காத்திருந்து வாங்கிய வேலை, ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்திருந்தது. இந்த வயதான அம்மாளை ஏமாற்றிவிட்டு இரவு எப்படித் தூங்குவது? பேராசிரியரின் மகளுக்கு அருகில் போய்க் குனிந்தார்.

"அம்மா, என்னை மன்னிக்கணும். இது உங்கப்பா செஞ்ச ஆமை இல்ல. ஓடு மட்டும்தான் அவரோடது. உள்ளே இருக்கிறது எங்க வீட்டுல பெருக்குற மிஷின். உள்ளே என்ன இருந்துச்சுன்னு மூணு மாசமா தேடியும் எனக்குத் தெரியல. நீங்க சொன்னா இப்பவே போய் இயக்குநர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

பேராசிரியரின் மகள் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் தகர ஓட்டைச் செல்லமாகத் தட்டினார்.

"பேசாம இருங்க தம்பி. நீங்களாவது உள்ளே ஒரு மிஷினை வெச்சீங்க. அப்பா வெச்சிருந்தது நிஜ ஆமை, தினமும் இலை போட்டது நான்தான்."