ஜெராக்ஸ் இல்லாத ஜெராக்ஸ் கடை

தேடி வருகிற ஆளை விரட்டிவிடுவதற்கென்றே சங்கரன்கோவிலில் ஒருவர் கடை வைத்திருந்தார் என்றால், அது நகல் அண்ணாச்சிதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. ஊரே 'ஜெராக்ஸ்' என்று போர்டு மாட்டியிருக்க, இவர் மட்டும் 'நகல் எடுக்கப்படும்' என்று எழுதி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஜெராக்ஸ்."

"அது இங்கன கிடையாது. ஜெராக்ஸ்ங்கது ஒரு கம்பெனி பேரு வே. நம்ம மிஷின் வேற கம்பெனி. பொய் சொல்லியா யாவாரம் பண்ணச் சொல்லுதீரு?"

வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அங்கேயும் இதே கம்பெனி மிஷின்தான் என்பது வேறு விஷயம். போதாக்குறைக்கு, எடுக்கிற ஒவ்வொரு தாளிலும் 'இது நகல்' என்று ஊதா மையில் சீல் குத்துவார். வேண்டாமென்று கெஞ்சினாலும் விடமாட்டார்.

மனுஷனுக்கு ஓரிடத்தில் உட்காரவும் தெரியாது. தெருவில் சாக்கடை தோண்டியபோது, "ஜேசிபி வந்திருக்கு" என்று யாரோ சொன்னதுதான் தாமதம், கடையைப் போட்டது போட்டபடி ஓடினார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பெயரைப் படித்துவிட்டு, "ஏலே, இது வேற கம்பெனிலா!" என்று டிரைவரிடமே சண்டைக்குப் போனார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "லட்டு டால்டாவுல பிடிச்சிருக்கான்" என்று சொல்லித் தொலைத்தார். டின்னைப் பார்க்கச் சமையல்கட்டுக்கு ஓடிய அண்ணாச்சி திரும்புவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் பட்டினி.

என் மகளுக்குக் காலேஜில் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். ஐந்து மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள். மணி நாலே முக்கால். மற்ற கடைகளில் கால் வைக்க இடமில்லை. வேறு வழியில்லாமல் அண்ணாச்சியிடம், "ரெண்டு செட்டு நகல்" என்றேன். எடுத்தார், சீலும் குத்தினார். நான் கடிகாரத்தையே பார்ப்பதைக் கண்டதும், "ஏறும் வே நம்ம வண்டியில!" என்று கடையைத் திறந்தே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

காலேஜ் கிளார்க் தாளைப் புரட்டினார். சீலைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"ஜெராக்ஸ் வைக்கணும்னுலா ஃபாரத்துல போட்டிருக்கு? இது என்னமோ நகல்னுல்லா குத்தியிருக்கு. ஜெராக்ஸ் இருந்தா குடுங்க, இல்லன்னா கிளம்புங்க. டைம் முடிஞ்சிட்டு."

ஜன்னல் கதவில் கை வைத்துவிட்டார். மகளுக்கு ஒரு வருஷப் படிப்பு போச்சு. நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கதவைப் பிடித்துக்கொண்டது.

"சார், அது ஜெராக்ஸ்தான் சார்! ரெண்டு செட்டும் ஜெராக்ஸ். நான்தான் எடுத்தேன். நம்ம கடை ஜெராக்ஸ் கடைதான் சார்!"

கிளார்க் வாங்கிக்கொண்டார். மகளுக்குச் சீட்டும் கிடைத்தது.

வெளியே வந்த அண்ணாச்சி நேரே குழாயடிக்குப் போய் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். "எவன்ட்டயும் சொல்லிராதியும் வே" என்றார். இவ்வளவு நாளும் சொல்லவில்லை. இன்றைக்கு வாய் தவறிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணாச்சி. என் பிள்ளைக்காக ஒரே ஒரு பொய் சொன்ன உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.