ஹார்லன் கழற்றிய வயர்

ஹார்லன் ஏணியிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் கெர்மிட்டின் டிரக் வாசலில் வந்து நின்றுவிட்டது.

"என்னப்பா, உள்ள ஏரி மாதிரி குளிருது?" என்று கேட்டுக்கொண்டே கெர்மிட் கராஜுக்குள் நுழைந்தார்.

"ஹீட்டர் போச்சு. பத்துது, உடனே அணைஞ்சிடுது. நீங்கல்லாம் வேற எங்கயாவது உக்காரணும்னா உக்காருங்க."

ஹார்லன் வாழ்நாளில் யாரிடமும் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. மினசோட்டாவின் அந்த ஊரில் வந்தவரைக் கிளம்பச் சொல்வதும் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான்.

தானியக் கிடங்கு வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. ஆறு குளிர்காலமாகக் கெர்மிட், டுவேன், ராய் மூவரும் காலையில் கராஜுக்கு வந்து மத்தியானம் வரை காப்பி குடிக்கிறார்கள். கெர்மிட்டின் முழங்கால், டுவேனின் மருமகன் என்று அதே பேச்சு. ராய் பேசுவதே இல்லை. அவருக்கும் சேர்த்து மற்ற இருவரும் பேசிவிடுவார்கள். ஒரே ஒரு காலையாவது தனியாக, கதகதப்பாக, ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஹார்லன் ஏங்கிப்போயிருந்தார்.

கூரையில் தொங்கும் ஹீட்டருக்குள், தீ பற்றியதா என்று பார்த்துச் சொல்ல ஒரு வயர் உண்டு. அதைக் கழற்றினால் தீ வந்த வேகத்தில் அணைந்துவிடும். ஒரு வாரம் குளிர்ந்தால் மூவரும் பெட்ரோல் பங்குக் காப்பிக்கடைக்கு ஜாகை மாறிவிடுவார்கள், பிறகு வயரை மாட்டிக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

கெர்மிட் ஒரு நிமிடம் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"உன்னை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?"

அரை மணியில் டுவேனும் ராயும் ஆயுதங்களோடு வந்து சேர்ந்தார்கள். கெர்மிட் தெர்மோஸ்டாட்டுக்கு பேட்டரி மாற்றினார். பலனில்லை. புகைக்குழாயில் பனி அடைத்திருக்கும் என்று டுவேன் கூரைமேல் ஏறித் தட்டினார். பனி விழவில்லை, குழாய்தான் வளைந்தது.

"லேசாத்தான் வளைஞ்சிருக்கு," என்றார் மேலிருந்து.

"அப்ப கேஸ்தான் வரலை," என்று கெர்மிட் வெளியே போய் ஏதோ ஒரு குமிழைத் திருகினார். கால் மணி கழித்து ஹார்லனின் மனைவி லவோன் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"வீட்லயும் குளிருதுங்க. அடுப்பும் எரியலை."

ஹார்லனுக்குப் போதும் என்றாகிவிட்டது. குமிழைத் திறந்து வைத்தார். மற்றவர்கள் சாண்ட்விச் தின்னும்போது ஏணியில் ஏறி, வயரை மாட்டி, சுவிட்சைப் போட்டார். முன்பு வந்த அந்தச் சின்னத் தீகூட வரவில்லை. துடைக்கிறேன் பேர்வழி என்று டுவேன், தீ மூட்டும் சில்லையே உடைத்து வைத்திருந்தார். பொய்யாகக் கெட்டிருந்த ஹீட்டர் நிஜமாகவே கெட்டுவிட்டது.

"கவலைப்படாதே ஹார்லன். நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடறோம்," என்றார் கெர்மிட்.

வந்தார்கள். முன்பு மத்தியானத்தோடு போனவர்கள் இப்போது இருட்டும்வரை இருந்தார்கள். புதுச் சில்லு வெளியூரிலிருந்து வர வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். செய்தி பரவி, பாதிரியார் ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டரோடு வந்து அவரும் உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்த தட்டுகளை அனுப்பியபடி இருந்தார்கள். ஹார்லன் எல்லோருக்கும் நன்றி சொல்லிச் சொல்லியே களைத்துப்போனார்.

கடைசியில் சில்லு வந்தது. குழாயை நிமிர்த்தினார்கள். ஹீட்டர் உறுமிக்கொண்டு எரிந்தது. வெப்பக்காற்று முகத்தில் பட்டபோது ஹார்லனுக்கு அழுகையே வந்தது. இனி சாகும்வரை இவர்களிடமிருந்து தப்பிக்க வழியில்லை. லவோன் மட்டும் சமையலறை ஜன்னலில் நின்று சிரித்தாள்.

அந்த ஊரில் விடைபெறுவது சின்ன வேலையல்ல. கதவருகே ஒரு தரம், டிரக் அருகே ஒரு தரம், கண்ணாடியை இறக்கி இன்னொரு தரம். கெர்மிட்டும் டுவேனும் ஒருவழியாகப் போனார்கள். ராய் மட்டும் டிரக்கில் உட்கார்ந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹார்லன், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

வயர் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்து ஹார்லன் கராஜ் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு ராய்."

"நீ ரிட்டயர் ஆனப்போ, 'இந்த ஒரு குளிர்காலம் மட்டும் அவரைத் தனியா விட்டுடாதீங்க'ன்னு லவோன் எங்ககிட்ட கேட்டுக்கிட்டா, ஆறு வருஷம் ஆச்சு, போதும்னு அவகிட்ட சொல்ல எங்க மூணு பேருக்கும் வாய் வரலை, நீயே கொஞ்சம் சொல்லிடேன்."