தராசில் ஏறாமல் கதைக்க ஏலா

உலகச் சம்பியன்கள் எவருக்கும் எங்கள் தராசுக் காக்காவைப் போலக் கண்டிப்பான நடுவர் வாய்த்திருக்க மாட்டார். அவர் ஒரு குத்துச்சண்டையைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு நெல் ஆலையில் நான் கிளாக்கர். மூட்டை நிறுப்பவர், ஊருக்கே அண்ணன் முறையான காக்கா. பின்னேர அஸர் தொழுகை முடிந்து வேலை ஓய்ந்ததும் சாக்குகளின் மேல் சபை கூடும். பழைய சஞ்சிகைகளில் பொறுக்கிய விவரங்களை வைத்து, எப்போதோ செத்துப்போன சம்பியன்களைக் காக்கா மறுபடி மோதவிடுவார். ஆடி அசைந்து வரும் ஒரு பாரமான சம்பியன் அவருடைய ஆள். ‘கப்பல்’ என்று அவரே பெயர் வைத்திருந்தார். எதிர்க்கட்சி, மெதடிஸ்ட் சபைக் கிறிஸ்தவரான பள்ளிக்கூடத்துக் கணக்கு மாஸ்டர். அவருடைய ஆள் ‘மீன்கொத்தி’. கப்பல் ஓய்வு பெற்றபோது மீன்கொத்தி பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் அந்தச் சண்டை எட்டு வருஷம் நடந்தது.

காக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. வாய் திறக்குமுன் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற வேண்டும். தன் நிறைக்குரிய வகுப்புச் சம்பியனைப் பற்றி மட்டுமே ஒருவர் கதைக்கலாம். பாரமான வகுப்புக்கு நூற்றெழுபத்தைந்து றாத்தல், அதாவது பவுண்டு, வேண்டும். அது காக்காவுக்கும் மாஸ்டருக்கும் மட்டுமே இருந்தது. தொண்ணூற்றெட்டு றாத்தலோடு நின்ற எனக்கு, ஆகக் கடைசி வகுப்பில் ஒரு சம்பியனை அவரே ஒதுக்கித் தந்தார். அந்தப் பெயரை உச்சரிக்கவே எனக்கு ஒரு கிழமை, ஏழு முழு நாள், பிடித்தது.

ஆலை முதலாளிக்கும் சலுகை கிடையாது. ஐந்து றாத்தல் குறைந்ததால் ஆத்திரப்பட்டவர், ஒருநாள் கலியாண வீட்டில் புரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே வந்து தராசில் ஏறினார். அப்போதும் இரண்டு றாத்தல் போதவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார், பாவம்.

பிறகு காக்காவுக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, முற்றியது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. சுகம் விசாரிக்கக்கூட விடாமல் நேரே தராசில் ஏறினார். பின்னால் நின்ற நாட்டாமை, மூட்டை சுமக்கிறவன், மெதுவாகத் தராசின் ஓரத்தில் காலை ஊன்றினான்.

காக்கா திரும்பிப் பார்க்கவில்லை. “தம்பி, கால எடு. களவு நிறை நிறுத்துப் பழக்கமில்ல எனக்கு.”

நூற்று அறுபத்தொன்று. காக்கா இறங்கி, மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். கப்பலைப் பற்றிக் கதைக்காத காக்காவைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

மாஸ்டர் எழுந்தார். தராசில் ஏறினார். இருநூற்றுப் பத்து.

“காக்கா, இண்டைக்கு நான் கப்பலுக்காகக் கதைக்கிறன்.”

கதைத்தார். எட்டு வருஷமாகத் தான் மறுத்து வந்த நியாயங்களை, ஒன்றுவிடாமல், காக்காவின் வரிசையிலேயே சொன்னார். காக்கா உடுத்திருந்த சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மாஸ்டர், ஒம்பதாம் ரவுண்ட விட்டுட்டீங்க.”

“நீங்க கதைக்க ஏலாதே?”

“பிழை திருத்திறதுக்கு நிறை தேவல்ல.”

காக்கா மௌத்தாகிக் கண்மூடும்வரை இரண்டு வருஷம், மாஸ்டர் தினமும் தராசில் ஏறிக் கப்பலையே ஜெயிக்க வைத்தார். மீன்கொத்தியின் பெயரை ஒருநாளும் எடுக்கவில்லை.