பூஜைக்கு முன் சுற்றக்கூடாத மோட்டார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் யோசித்தேன். நான் கொச்சி மட்டாஞ்சேரியில் மரப்பட்டறை வைத்திருப்பவன். படிப்பு ஏழாம் வகுப்பு, அதுவும் மலையாளத்தில். ஆனால் தயங்கியதற்கு அது காரணம் இல்லை. இது சாமி சம்பந்தப்பட்ட விஷயம். என் முட்டாள்தனத்தைச் சொல்லப்போய், யாராவது சாமியைப் பார்த்துச் சிரித்துவிட்டால் பாவம் எனக்கல்லவா வரும்?

போன மாதம் என் மனைவி செல்வி தீர்ப்புச் சொன்னாள்: "சாமிய பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க. உங்கள பாத்து சிரிச்சு முடிக்கவே அவங்களுக்கு நேரம் பத்தாது. எழுதுங்க."

எழுதுகிறேன்.

என் பட்டறையில் பலகை இழைக்கிற மெஷின் ஒன்று உண்டு. பார்க்க நீளமான மேசை மாதிரி இருக்கும். நடுவில் கத்தி பொருத்திய உருளை சுற்றும். பலகையை மேலே வைத்துத் தள்ளினால் அடிப்பக்கம் வழவழவென்று வந்துவிடும். ஒரு மழைக்காலத்தில் அதன் மோட்டார் புகைந்து செத்துப்போனது. (மழை பெய்ததற்கு நான் பொறுப்பில்லை. கூரை ஓட்டை மாற்றாததற்கு மட்டும்தான் பொறுப்பு.)

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஹம்ஸா இக்காவின் (இங்கே முஸ்லிம் அண்ணன்களை இக்கா என்போம்) வாசல் கதவு வேலை கையில் இருந்தது. பஜாரில் அரிசி மொத்த வியாபாரம் செய்பவர். ஜன்னலும் ஸ்டூலும் செய்துகொண்டிருந்த எனக்கு அதுதான் முதல் பெரிய வாசல் கதவு. பலகை அவருடையது. அவர் உம்மா, அதாவது அம்மா, இருந்த பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்கு.

"உம்மாட கை பட்ட மரம், லிங்கேட்டா. ஒரு பலக போச்சுன்னா வேற எங்கயும் கெடைக்காது" என்று சொல்லித்தான் தந்தார். (என் பெயர் சங்கரலிங்கம். இந்த ஊர் அதை லிங்கேட்டன் ஆக்கி வெகுநாள் ஆயிற்று.)

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வியாழக்கிழமை வரை கதவு வெறும் பலகையாகவே கிடந்தது. இக்கா வந்து பார்த்தார். "இன்னைக்கு மெஷின் ஓடலேன்னா நான் ரெடிமேட் இரும்புக் கதவு வாங்கி வெச்சிருவேன். கோவிக்கக் கூடாது" என்றார். கோபம் எங்கே வரும்? அழுகைதான் வந்தது.

புது மோட்டாரைப் பொருத்த களமசேரியிலிருந்து ஷைனி சேச்சி வந்திருந்தார். தொழிற்சாலை மோட்டார்களோடு மல்லுக்கட்டிப் பழகியவர். போல்ட்டை முறுக்கி, வயரை இணைத்து, பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "சேட்டா, இது போடுறதுக்கு முன்னாடி மோட்டார ஒரு தடவ சும்மா ஓட்டிப் பாக்கணும்."

நான் ஓடிப்போய் ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றேன். "பூஜ ஆகாம சுத்தக்கூடாது. முதல் சுத்து சாமிக்கு."

"ஐயோ, இது த்ரீ ஃபேஸ் ஆணு. ரெண்டு வயர் மாறிப்போனா எதிர்ப்பக்கம் சுத்தும். ஓட்டிப் பாக்காம எப்படித் தெரியும்?"

"பிரதட்சிணமா சுத்தணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். எதுக்கு எதிர்ப்பக்கம் சுத்தப்போவுது?"

"சாமிக்கு எந்தப் பக்கம் சுத்தினாலும் சரி, சேட்டா. பலகைக்கு அப்படி இல்ல கேட்டோ."

நான் மசியவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. புது சைக்கிள் வாங்கினால் கடையிலிருந்து கோயில் வரை தள்ளிக்கொண்டே போவோம். பூஜை முடிந்துதான் ஏறி உட்காருவோம். மிக்ஸியில் முதலில் அரைத்த தேங்காய்கூட முருகனுக்குத்தான். மோட்டாரை மட்டும் விட்டுவிடுவேனா?

சேச்சி தலையில் அடித்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினார். பூஜை ஆரம்பித்தது. மெஷினுக்கு எதிர்ச் சுவரில் முருகன் படம். மெஷின் மேசையின் ஓரத்தில் திருநீறும் குங்குமமும் வைத்த தட்டு. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினேன். மோட்டாருக்கு மாலை போடப் போனேன். ஷைனி சேச்சி பிடுங்கிப் படத்துக்குப் போட்டார். செல்வி கைகூப்பி நின்றாள். இக்கா மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றார். ஷைனி சேச்சி மெஷினைப் பார்த்தார், நேரே வாசலைப் பார்த்தார்.

"இக்கா, கொஞ்சம் இங்கோட்டு மாறி நில்லுங்க."

அவரும் ஏன் என்று கேட்காமல் மாறினார்.

உம்மாவின் தேக்கில் ஒரு பலகை எடுத்து, பொட்டு வைத்து, மெஷின் மேல் வைத்தேன். "முருகா!" என்று பச்சைப் பட்டனை அமுக்கினேன். தள்ளினேன்.

எப்போதும் பலகை கையை எதிர்த்து முரண்டு பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை. 'என்ன ஒரு அனுக்கிரகம்!' என்று நினைத்தேன். அரை நொடிதான் நினைத்தேன். உருளை தடதடவென்று அடித்துப் பலகையை என் கையிலிருந்து பிடுங்கி முன்னால் எறிந்தது. பலகை வாசல் வழியாகப் பறந்துபோய், வெளியே நின்ற இக்காவின் குட்டிலாரியில் அரிசி மூட்டைக்குள் சொருகி நின்றது. அதே அதிர்ச்சியில் தட்டு எகிறியது. மெஷினுக்கு அடியில் கிடந்த மரச்சீவல் மேலே கிளம்பியது. ஷைனி சேச்சி பாய்ந்து ஸ்விட்சை அணைத்தபோது, நாங்கள் நான்கு பேரும் தலை முதல் கால் வரை திருநீறு.

தெருவில் அரிசி சரசரவென்று கொட்டியது.

இக்கா அரிசியைப் பார்க்கவே இல்லை. "உம்மாட பலக!" என்று ஓடினார். உருவி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு இல்லை. அடியில் நாலு வடு, அவ்வளவுதான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"லிங்கேட்டா, கதவு செஞ்சு தருவேன்னுதானே சொன்னீங்க? வீசித் தருவேன்னு சொல்லலியே?"

நான் கையைக் கூப்பினேன். யாரைக் கும்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஷைனி சேச்சி கண்ணிலிருந்த திருநீற்றைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "சாமிய குத்தம் சொல்லாதீங்க சேட்டா. சாமி இருக்கிறது எதிர்ச் சுவத்துல அல்லே? அங்கேர்ந்து பாத்தா பிரதட்சிணமாத்தான் சுத்துச்சு. மாறி நின்னது நீங்களாக்கும்."

படத்துக்குக் கீழே போய் நின்று மனசுக்குள் சுற்றிப் பார்த்தேன். சத்தியம்! என் வேண்டுதல் பலித்திருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நான்தான் சொல்லவில்லை.

அவர் இரண்டு வயரை மாற்றினார். இரண்டு நிமிஷ வேலை. இந்தத் தடவை பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைச் சும்மா ஓட்டினார். நான் ஸ்விட்சை விட்டுத் தள்ளி நின்றேன். இக்காவின் கையில் போன் இருந்தது. இரும்புக் கதவுக் கடைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். பெல்ட் மாட்டியதும் இன்னொரு பலகையை வைத்தேன். பழையபடி முரண்டு பிடித்தது. அந்த முரண்டுக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. வெளியே வந்த பலகையை இக்கா தடவினார், மோந்து பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"சனிக்கெழம வெச்சிருங்க" என்றார்.

வைத்தேன். வடுப்பட்ட பலகையை இழைக்க அவர் விடவில்லை. உள்பக்கமாகப் பொருத்தச் சொல்லி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

இக்கா முதலில் நின்ற அதே இடத்தின் வழியாகத்தான் பலகை போனது. அன்றைக்கு ஷைனி சேச்சி வாயில் பேசியது சாமிதான் என்று நம்புகிறேன்; அவரிடமே சொன்னேன். "அப்போ ஓட்டிப் பாக்கணும்னு சொன்னதும் சாமி தானே? அது மட்டும் ஏன் கேக்கல?" என்றார்.

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாண வீட்டிலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடியாது. ஆனால் ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்கிறார்கள். பாலக்காட்டு மச்சான் சொல்லும்போது பலகை படகுத்துறையைத் தாண்டிவிடுகிறது. செல்வி சொல்லும்போது பலகையோடு நானும் பறக்கிறேன். அதனால் கைகூப்பிக் கேட்கிறேன். இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். ஆனால் ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். பலகை போனது ஒன்பது அடி. யார் கேட்டாலும் ஒன்பது என்றே சொல்லுங்கள்.

(செல்வி தோளுக்குப் பின்னால் நின்று "பதினஞ்சு" என்கிறாள். நம்பாதீர்கள்.)