குண்டு காட்டிய குற்றவாளி

அன்று முன்கூடத்தில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாதவர்கள்தான் பிறகு அதிகமாகச் சாட்சி சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர், அவர் மனைவி, மகன், அண்மையில் மணமாகி வந்த மருமகள், பெயிண்டர், சன்னலுக்கு வெளியே பாதித் தெரு. நடுநாயகமாகக் குண்டு ஞானி.

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் தொங்கவிடுகிறாரே, தூக்குக்குண்டு, அதை வைத்து ஞானி பாவத்தையே அளப்பார். அதே குண்டுதான். கொத்தனார் பிடித்தால் கூலி, ஞானி பிடித்தால் காணிக்கை.

புது வீட்டின் முன்சுவர்ப் பூச்சில் சிலந்திவலை போல விரிசல். பெரியவருக்கு அது சுவரில் விழுந்த விரிசல் அல்ல, மானத்தில் விழுந்தது.

ஞானி முழங்கினார்: "லிண்டல்ல துர்சக்தி! பேஸ்மட்டத்துல கண்ணேறு! கியூரிங்ல கர்மம்!"

கூட்டம் நடுங்கியது. புரியாத சொல்லுக்குத்தானே பயம் அதிகம்!

குண்டு ஆடியது. ஆடி ஆடி மருமகள் பக்கம் போனது.

"இவ கால் வச்ச நேரம்! நாளைக்குள்ள வெளியேத்தலைன்னா கூரை இறங்கிடும்!"

பெரியவர் முதுகை நிமிர்த்தினார். "குடும்ப மானம்னு வந்துட்டா மகனாவது மருமகளாவது. ரெண்டு பேரும் வாடகை வீடு பாருங்க."

மகன் செருப்பைத் தேடினான். மருமகள் வாயைத் திறந்தாள். கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள் அவள்.

"போறோம் மாமா. அதுக்கு முன்னாடி ஐயா சொன்னதுக்கு அர்த்தம் சொல்லிடறேன். லிண்டல்னா சன்னலுக்கு மேல சுவர் பாரத்தைத் தாங்குற கான்கிரீட் கட்டை. பேஸ்மட்டம்னா தரைக்கும் வீட்டுத் தளத்துக்கும் நடுவுல இருக்குற அடிச்சுவர். கியூரிங்னா பூச்சு சட்டுனு காய்ஞ்சிடாம தண்ணி விட்டு ஈரமா வச்சிருக்கறது. இதுல துர்சக்தி எங்க உக்காரும்?"

"நிந்தனை!" என்றார் ஞானி.

"சரிங்க ஐயா, கண்ணைக் கட்டிக்கிட்டு ஒருதடவை காட்டுங்க. சக்தி குண்டுக்குத்தானே, உங்க கண்ணுக்கு இல்லையே?"

"அதானே!" என்றது சன்னல். வேடிக்கை என்றால் கூட்டம் எந்தப் பக்கமும் சாயும்.

பெயிண்டரின் தலைத்துண்டு ஞானியின் கண்ணில் ஏறியது. மருமகள் ஓசைப்படாமல் விலகினாள். மாமியார் கணவரின் தோளைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினாள். எதிர்ப்பேச்சில்லாமல் அவர் மனைவி சொன்ன இடத்தில் நின்றது அன்றுதான்.

குண்டு பெரியவர் மூக்குக்கு நேரே ஆடியது.

"இவளேதான்! இவ முகத்துலதான் பீடை குடியிருக்கு!"

தெரு சிரித்த சிரிப்பில் பெயிண்டர் ஏறி நிற்கும் சாரமே ஆடியிருக்கும்.

"வாசல்லயே 'வீட்டுக்குப் புதுசா வந்தது யாருப்பா'ன்னு என்னைக் கேட்டாரு. இதுக்குத்தானா?" என்றார் பெயிண்டர்.

ஞானி துண்டைக் கழற்றாமலே ஓடி நிலையில் முட்டிக்கொண்டார். நிலை என்பது கதவைத் தாங்கும் சட்டம். அன்று ஒரு நெற்றியையும் தாங்கியது.

"அப்ப விரிசல் எப்படி வந்துச்சு?" பெரியவர் விடவில்லை.

"பின்சுவர்ல விரிசல் இருக்கா மாமா?"

இல்லை. பூச்சு சட்டென்று காய்ந்து வெடிக்காமலிருக்கப் பின்சுவரில் ஈரச்சாக்கு தொங்கியது. முன்சுவரிலும் தொங்கியதுதான். 'பிச்சைக்கார வீடு மாதிரி இருக்கு' என்று பூசிய மறுநாளே அதை அவிழ்க்கச் சொன்னவர் பெரியவர்.

"சாக்கை எடுத்தீங்க, மானம் நின்னுச்சு. பூச்சு நிக்கலை" என்றாள் அவர் மனைவி.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். முதுகு மட்டும் வளையவில்லை. "வாடகை வீடு பார்க்க வேண்டாம். பூச்சு வேலைக்கு ஆள் பாருங்க. சாக்கை நானே கட்டுறேன். வாசல் பக்கம்தான்."

கண்ணைக் கட்டியும் குண்டு சரியான குற்றவாளியைத்தானே காட்டியது, ஞானிக்குச் சக்தி உண்டு என்று தெருவில் இப்போது ஒரு பேச்சு. பொய். அந்த இடத்தில் ஒரு சிமெண்ட் மூட்டை நின்றிருந்தாலும் பீடை அதன் முகத்தில்தான் குடியிருந்திருக்கும். நூலில் தொங்கும் குண்டு, பிடித்த கை ஆட்டியபடி ஆடும். கழுத்தின் மேல் நிற்கும் தலைக்கு அந்த அவசியம் இல்லை.