ரெண்டு மதகு உள்ள உடம்பு

சாலவாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் ஊர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். ஊருக்கு ஊர் ஒருத்தர் இருக்கிறார்: உலகத்து உடம்பெல்லாம் ஒரு மாதிரி, தன் உடம்பு மட்டும் தனி மாதிரி என்று நம்புகிற ரகம். எங்களுக்கு வாய்த்தவர் என் பங்காளி தாண்டவராயன்.

ஒருமுறை வயிற்றுவலி என்று காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்தார். பித்தக்குழாயும் கணையக்குழாயும் பெரும்பாலும் ஒன்றாகச் சேர்ந்துதான் குடலில் திறக்குமாம். இவருக்குத் தனித்தனி வாய். "சில பேருக்கு இப்படியும் இருக்கும், வியாதி இல்லை. பித்தப்பையில் கல் இருக்கு, அதைக் கவனிங்க" என்றார் டாக்டர். இவர் காதில் விழுந்தது 'தனித்தனி' மட்டும்.

அன்றிலிருந்து ஏரிக்கரைக்கு மண் போடக் கூப்பிட்டால் "உள்ள ரெண்டு மதகு கீது, குனியக் கூடாது" என்பதும், பந்தியில் மதகுக்கு ஒன்றாக ரெண்டு வடை கேட்பதும், மதகுக்குக் காற்று வேணும் என்று பஸ்ஸில் ஜன்னலோரத்திலிருந்து என்னை எழுப்பி விடுவதும், சாவு வீட்டில் அழுகிறவர்களை நிறுத்தி ஸ்கேன் படத்தை வெயிலில் தூக்கிக் காட்டுவதும்தான் அவர் பிழைப்பு. செத்தவருக்கு எத்தனை மதகு என்று யாரய்யா கேட்டது?

போன மாசம் கண் மஞ்சளாகிவிட்டது. அவர் சம்சாரம் இளவரசி கத்தினாள்.

"ஆசுபத்திரிக்கு வாய்யா, செத்துடப் போற!"

"இன்னாடி தெரியும் உனுக்கு? ஒரு மதகு தூந்துபோனா இன்னொண்ணுல தண்ணி போவாதா? ஏரியப் பாத்ததே இல்லியா நீ?"

குளிர் ஜுரத்தில் சுருண்ட பிறகு நான்தான் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். இவருடைய மதகுக் கணக்கைக் கேட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பித்தத்துக்கு ஒரே வழிதான்யா, அதுல கல் அடைச்சிருக்கு. மத்தது கணையத்தோட வழி, அதுல பித்தம் எப்படிப் போகும்? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆள் இல்லை."

சிரிக்காதீர்கள். சர்க்கரை இருந்தும் 'லட்டு என் உடம்பை ஒண்ணும் பண்ணாது' என்று எடுத்து வாயில் போட்டது யார்? உங்களுக்கு எத்தனை மதகு என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்க ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். தாண்டவராயன் என் கையைப் பிடித்தார். பெண்டாட்டியைப் பார்த்துக்கொள் என்று சொல்லப்போகிறார் என நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பங்காளி, உள்ள போயி டாக்டராண்ட சொல்லிடு. கல்ல மட்டும் எடுக்கட்டும். ரெண்டையும் ஒண்ணாக்கி வுட்டுடப் போறாரு."