மச்சான் காரும் ஆரஞ்சு வயரும்

மின்சாரம் என்றால் எனக்குப் பயம். (எங்கள் ஊரில் இதற்குப் பேடி என்று பெயர்.) இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவன். கரும்பலகையில் ஆயிரம் வோல்ட் என்று அசராமல் எழுதுவேன். வீட்டில் பியூஸ் போனால் மட்டும் உடனே விடைத்தாள் திருத்துகிற வேலை வந்துவிடும். பியூஸ் கட்டுவது வங்கியில் வேலை பார்க்கும் என் மனைவி கிரேஸ்தான்.

கிரேஸின் தம்பி, என் மச்சான் சாம் மஸ்கட்டில் இருக்கிறான். போன லீவுக்கு வந்தபோது ஒரு ஹைப்ரிட் கார் வாங்கி, தக்கலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டுப் போனான். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும்.

"அத்தான், சும்மா போட்டுராதீங்க. வாரத்துக்கு ஒருக்கா ஓட்டணும். ஆனா எனக்க காரு எனக்கு அப்பிடியே வேணும், கேட்டியளா?"

இதை அவன் சிரிக்காமல் சொன்னான். சாம் சிரிக்காமல் சொன்னால் எனக்கு அது சட்டம். அதனால் லைசென்ஸ் இருந்தும் கிரேஸுக்கு நான் அந்தக் காரின் சாவியைக் கொடுத்ததே இல்லை.

சாம் திரும்பி வருகிற வாரம், தோவாளையில் ஒரு கல்யாணத்துக்கு அதில் போனோம். பூச்சந்தை ஊருக்குப் போய் வெறுங்கையோடு நிற்பானேன் என்று கிரேஸுக்குப் பூ வாங்கிக் கொடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானாகப் பூ வாங்கியது அதுதான் முதல் தடவை. திரும்பும்போது தலைவலி என்று பின்சீட்டில் படுத்துக்கொண்டாள். வீட்டில் வந்து பார்த்தால் தலையில் பூவைக் காணோம். மண்டபத்தில் விழுந்திருக்கும் என்று கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை தோன்றியது. பேட்டரியைக் குளிர்விக்கும் பாகங்களைக் கவனி, கையேட்டைப் பார் என்றது. மறுநாள் காலை சாம் திருவனந்தபுரத்தில் இறங்குகிறான். அவனை அழைத்துவர வேண்டியதும் அதே காரில்தான். நாகர்கோவில் ஒர்க்ஷாப் ஞாயிறு அடைப்பு.

கையேட்டைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். பின்சீட்டின் ஓரத்தில் ஒரு ஜன்னல், அது வழியாக உள்ளே இருக்கிற ஃபேன் காற்றை இழுத்துப் பேட்டரியை ஆற்றுகிறது, தூசி அடைத்தால் பேட்டரி சூடாகும். இது வரைக்கும் சரி. அடுத்த பக்கத்தில் ஒரு மண்டையோடு. ஆரஞ்சு நிற வயர்களைத் தொட்டால் மரணம் வரை நேரலாம் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் படிக்க எனக்குத் தெம்பில்லை.

"நாளைக்கு அவனே பாத்துக்கிடுவான். சும்மா இருங்க" என்றாள் கிரேஸ்.

"அப்பிடியே வேணும்னுல்லா சொல்லிட்டுப் போனான்?"

செத்தாலும் பரவாயில்லை, சாம் முகத்தில் முழிக்க முடியாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆயத்தமானேன். ரப்பர் செருப்பு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, பழைய பெயின்ட் பிரஷ். மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வாட்ச் வந்தது. கல்யாண மோதிரம் சோப்புப் போட்டும் வரவில்லை, விரல் அவ்வளவு தடித்திருந்தது. வண்டியை அணைத்துச் சாவியைக் கிரேஸிடம் கொடுத்து, ஜெபம் பண்ணச் சொன்னேன்.

"ஆண்டவரே, இவருக்கு நல்ல புத்தி குடும்" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு முதலுதவிப் பாடம் எடுத்தேன். அந்தப் பாடம் மட்டும் எனக்கு நன்றாக வரும். "ஒருவேளை எனக்கு ஷாக் அடிச்சுப் பிடிச்சுகிட்டுன்னா என்னத் தொடப்பிடாது. காஞ்ச மரக்கட்டையால எனக்க கையில அடிச்சு விடுவிக்கணும். கேட்டியா?"

"எவ்வளவு பலமாட்டு?"

"கை விடுறது வரைக்கும்."

அவள் சப்பாத்திக் கட்டையோடு வந்தாள். ஈரம் இருக்கிறதா என்று நானே தொட்டுப் பார்த்தேன்.

பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்து, வலது கையை உடம்புக்கு அடியில் மடக்கிக்கொண்டு, இடது கையால் அந்த ஜன்னலின் மூடியை நெம்பினேன். மூடி கழன்று வரவே வெகுநேரம் ஆனது. கையுறையோடு கை உள்ளே போகவில்லை. இடது கையால் முடியவுமில்லை. ஆகவே கையுறையைக் கழற்றிவிட்டு, வலது கையில் பிரஷைப் பிடித்து உள்ளே விட்டேன். (இதை எழுதும்போதே எனக்கு என் மேல் கோபம் வருகிறது.) பிரஷ் நழுவி உள்ளே விழுந்தது. அதைத் துழாவியபோது மெத்தென்று ஏதோ விரலில் பட்டது. இடது கையால் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.

ஆரஞ்சு.

முறுக்கிக்கொண்டு கிடந்தது. அது பட்ட விரலிலிருந்து தோள் வரை சுறுசுறுவென்று ஏறியது. கையை இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன், அது என்னைத் திருப்பி இழுத்தது. கரண்ட் பிடித்தால் விடாது என்று எத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். செத்தேன் என்றே முடிவு செய்துவிட்டேன். இயற்பியல் வாத்தியார் கரண்ட் அடித்துப் போனான் என்று மாணவர்கள் சிரிப்பார்களே என்பதுதான் அப்போது தோன்றியது.

"கிரேஸ், ஆரஞ்சு" என்றேன்.

அவள் நல்ல மாணவி. நொடி கூடத் தயங்கவில்லை. முதல் அடியில் என் கை விடவில்லை. இரண்டாவது அடியில் மணிக்கட்டில் சடக் என்று கேட்டது, கை வெளியே வந்தது.

மோதிரத்தில் நூல் சிக்கி, அதிலிருந்து ஒரு முழம் கனகாம்பரம் தொங்கிக்கொண்டிருந்தது.

கிரேஸ் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "இது நமக்க பூவுல்லா? மண்டபத்துல போட்டுட்டேன்னுல்லா நெனச்சேன்."

"அப்போ, கையில ஏறுன கரண்டு?"

"அம்புட்டு நேரம் கைமேல படுத்துக் கெடந்தா மரத்துப் போகாதா?"

மீதிப் பூவையும் தூசியையும் பிரஷையும் அவளே எடுத்து, மூடியைப் பொருத்திவிட்டாள். தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு என் கையைப் பார்த்தாள். அது ஊதிப் பருத்துவிட்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று மச்சான் காரை முதல் முறையாகக் கிரேஸ் ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத கிரேஸ், "சப்பாத்திக் கட்ட. நாந்தான் அடிச்சேன். இவருதான் அடிக்கச் சொன்னாரு" என்றாள். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு முடித்து, என்னைத் தனியாக அழைத்து, "வீட்டுல கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க சார்" என்றார்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்கும் அவள்தான் ஓட்டினாள். மஞ்சள் எச்சரிக்கை போயே போய்விட்டது. சாம் வந்ததும் முதலில் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். கீறல் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். குறை இல்லை. அதன் பிறகுதான் என் கை அவன் கண்ணில் பட்டது.

"அத்தானுக்கு என்னவாக்கும்?"

கிரேஸ் பெட்டியை டிக்கியில் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பூ வாங்கித் தந்தாரு."

முழுக் கதையையும் கேட்டு அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்த சாம், களியக்காவிளை எல்லையைத் தாண்டியும் நிறுத்தவில்லை. லீவு முடிந்து போகும்போது சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனான். அது இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. சொந்தக்காரர் கல்யாணங்களில் யாராவது மனைவிக்குப் பூ வாங்கினால், "அடி தாங்குவியா?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

தோவாளை வழியாகப் போகும்போதெல்லாம் கிரேஸ் பூக்கடைப் பக்கம் காரை ஓரங்கட்டுவாள். "எறங்கி வாங்கிட்டு வாங்க அத்தான், பேடிக்காண்டாம்" என்பாள். நானும் இறங்கிப் போய், வெள்ளை வெளேரென்று இருக்கிற பிச்சிப்பூவாகப் பார்த்து வாங்கி வருவேன்.